மூக்காயி தேய்த்த கார்

இராமசாமியின் வலது மணிக்கட்டு வீங்கிப் பலாப்பிஞ்சு போல ஆகிவிட்ட அன்றுதான் மூக்காயி முதன்முதலாக ஒரு காரைத் தொட்டாள்.

அந்தக் கார் தோட்டத்துத் துரையுடையது. ரப்பர் விலை தரைக்கு வந்த வருடம் துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஸம்சுதீன் முதலாளி காரை வாங்கினார். காரை வாங்கியபோது அதை ஓட்டிக்கொண்டிருந்த இராமசாமியையும் சேர்த்தே வாங்கிவிட்டார் என்று ஊரில் சிரிப்பார்கள். வாடகைக்கு விடுவதுதான் முதலாளியின் எண்ணம். ஆனால் தோட்டத்து வெயிலும் மழையும் காரின் மேல் பூச்சைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தன. அதே தெருவில் புவாட் என்ற இளவட்டம் புத்தம்புதுக் கார் ஒன்றை நிறுத்திவைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஹார்ன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பெயின்ட் நானே அடிச்சுருவேன் மொதலாளி. கொழும்பு கராஜுல தொரை கார வச்சப்ப, அங்கயே படுத்துக் கெடந்து எல்லாத்தையும் பாத்தவன் நான்" என்றான் இராமசாமி.

பார்த்தவன் என்பது உண்மை. கொழும்பிலிருந்து கறுப்புப் பெயின்டும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் கட்டும், ஒரு டின் மெருகுப் பசையும் வந்து இறங்கின. கடைக்குப் பின்னால் இருந்த பழைய மாட்டுவண்டிக் கொட்டகையில், தூசி வராமலிருக்க ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, வெடித்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிவப்பு அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் கறுப்பைப் பல தடவை ஏற்றினான். காய்ந்த பிறகு தள்ளி நின்று பார்த்தால் கார் மினுமினு என்றுதான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சங்கதி தெரிந்தது. பிரஷ் போன தடமெல்லாம் உழவுச்சால் மாதிரி நின்றது. மற்ற இடங்களில் தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு. பின்கதவில் ஒரு கொசு இறக்கையை விரித்தபடி சமாதியாகியிருந்தது.

"இதுக்குத்தான் தேய்க்கணும்ங்கிறது. தேய்ச்சுத் தட்டையாக்கி, அப்புறம் மெருகு போட்டா கண்ணாடி" என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் என்ஜின் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று இராமசாமி முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினான். அந்தக் காலத்துக் கார்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கிளம்ப மனமில்லாவிட்டால் கைப்பிடியை எதிர்ப்பக்கமாக உதைத்துவிடும். உதைத்தது. இராமசாமி போட்ட சத்தத்தில் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

முதலாளி வந்து பார்த்து எண்ணெய் போட்டுக் கட்டுவித்தார். மணிக்கட்டைவிட அவருக்கு வேறொரு கவலை பெரிதாக இருந்தது. ஜமால்தீன் ஹாஜியாரின் மகன் முஹ்ஸினுக்கு மாவனல்லையில் பெண் எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை போவதற்கு "ஏன்ட கார்தான்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க மொதலாளி. எடது கையாலயே முடிச்சுருவேன்" என்றான் இராமசாமி. முதலாளி அரைமனதோடு சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனார்.

மூக்காயி தோட்டத்து ரப்பர் மரங்களில் பால்வெட்டுகிறவள். விலை விழுந்த பிறகு தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை கொடுத்தார்கள். வேலையில்லாத நாட்களில் புருஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவாள். அன்று வந்தபோது, இராமசாமி இடது கையில் உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு, நாய் முதுகைச் சொறிந்துவிடுவது போல் காரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இந்த வேகத்துல போனா அந்த மாப்பிள்ளைக்குப் பேரன் பொறந்து, அவன் கல்யாணத்துக்குத்தான் கார் போகும்" என்று சொல்லிவிட்டு மூக்காயி சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "குடுங்க இங்க."

"ஏ புள்ள, இது என்னா சட்டி வெளக்குற வேலையா?"

"சட்டிய நீங்க எப்ப வெளக்குனீங்க, வித்தியாசம் தெரியறதுக்கு?"

ரப்பர்த் துண்டு ஒன்றில் தாளைச் சுற்றி, சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் தோய்த்து, அவள் கதவின் மேல் வைத்தாள். இராமசாமி பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு கராஜில் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"அழுத்தாத. தாளு தானா போகணும்."

"தானா போகும்னா நான் எதுக்கு நிக்கிறேன்?"

"நீளவாட்டுலயே போ. சுத்திச் சுத்தித் தேய்ச்சா மாவாட்டுன மாதிரி வளையம் விழும். அப்பப்ப தண்ணியில கழுவு. ஒரு மணல் சிக்குனாலும் கோடு கோடா கிழிச்சுப்புடும்."

முதலில் 'கரகர' என்று பல்லைக் கூசவைத்த சத்தம், போகப்போக 'சர், சர்' என்று மெலிந்தது. மேடு தேய்ந்து பள்ளத்தோடு சமமாகிறபோது சத்தம் மாறுகிறது என்பதை இராமசாமி சொல்லவில்லை. அவளாகவே கேட்டுக்கொண்டாள். தண்ணீர் வழிந்துகொண்டிருக்கையில் கண்ணை மூடி விரல் நுனியால் தடவினால் இன்னும் எங்கே சொரசொரப்பு இருக்கிறது என்று தெரிந்தது. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கொசு இருந்த இடம் வந்ததும், "போயிட்டு வா சாமி" என்று சொல்லித் தேய்த்தாள். கொசு போயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முன்சக்கரத்து மட்காட்டின் விளிம்புக்கு வருகிறவரை. வேகம் பிடித்திருந்த கை விளிம்பில் ஏறி இறங்கியது. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வழிந்தது. துடைத்துப் பார்த்தாள். கறுப்புக்கு நடுவில் சிவப்பாக ஒரு கீறல்.

மரத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே இறங்கிவிட்டால் இப்படித்தான் இருக்கும். அந்த மரத்தின் முன்னால் கங்காணி வந்து நிற்பான், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் பேர் நாறும்.

"காயம் பண்ணிட்டேங்க" என்றாள்.

இராமசாமி எட்டிப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் சிரித்துவிட்டான். "கொழும்புல பெயின்ட் அடிக்கிற பெரிய பாஸ் ஒருத்தன் இருந்தான். அவனே இப்படிப் பண்ணிப்புட்டு அங்கிட்டும் இங்கிட்டும் முழிச்சத நான் பாத்தேன். விளிம்புல பெயின்ட்டு மெலிசாத்தான் நிக்கும் புள்ள. அங்க வர்றப்ப சும்மா தொட்டுட்டு விட்ரணும்." இடது கையால் கோணல்மாணலாக அதன் மேல் பெயின்ட் வைத்தான். "காயட்டும். காஞ்சதும் ஒன் வேலைய நீ பாரு."

அதற்குப் பிறகு வேலையில்லாத நாட்களில் விடிந்ததும் மூக்காயி கொட்டகைக்கு வந்துவிடுவாள். தெரு வேலியில் ஆட்கள் தலையை நீட்டினார்கள். எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்காரர், "மொகத நோனா மே கரன்னே? ஹொந்த பாட்ட மகலா!" என்று வாயில் கைவைத்தார். நல்ல பெயின்டைத் தேய்த்து அழிக்கிறாளே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். "பலாகென இன்ன மஹத்தயா, லஸ்ஸன வெய்" என்று மூக்காயியும் சிங்களத்திலேயே, பார்த்துக்கொண்டே இருங்கள், அழகாகிவிடும் என்று சொல்லிவைத்தாள்.

ஆனால் அவளுக்கே உள்ளூர உதைப்புத்தான். ஏனென்றால் தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பெல்லாம் போய், காரின் மேல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். சாக்கை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார்.

"யா அல்லாஹ்! சாம்பப் பூசணிக்கா மாதிரி ஈக்கே! நான் போறப்ப மினுங்கிக்கிட்டு ஈந்த கார்!" அப்புறம்தான் அவர் கண் மூக்காயியிடம் போனது. முழங்கை வரை சவர்க்கார நுரையோடு அவள் நின்றாள். பெட்டியின் மேல் இராமசாமி, கையில் சுருட்டோடு. "நீ எடது கையால தேய்ச்ச லட்சணம் இதுவா? பொஞ்சாதிய விட்டுத் தேய்ச்சீக்கிறாய்! பால் வெட்டுற புள்ளைக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

இராமசாமி எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். "அது வந்து மொதலாளி, நான்தான்... அவ சும்மா தண்ணி ஊத்த..." என்று ஏதோ முணுமுணுத்தான்.

மூக்காயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணி ஊத்தவா?

"ஹாஜியார்ட்ட நான் எந்த முகத்த வச்சிக்கிட்டுப் போற? இப்ப அந்தப் புவாட்ட காலப் புடிக்கணும்" என்று குடையை இடுக்கிக்கொண்டு முதலாளி போயே போய்விட்டார்.

"வா புள்ள, லயத்து வீட்டுக்குப் போவோம்" என்றான் இராமசாமி.

"நீங்க போங்க. தண்ணி ஊத்த ஆளு வேணாமா, நான் இருக்கேன்."

"கோவிச்சுக்காத..."

"அரை வேக்காட்டுச் சோத்த எறக்கி வைக்கிற பழக்கம் எனக்கில்ல. இந்த ஒரு கதவ முடிச்சுப் பாத்துட்டுத்தான் வருவேன். அந்த டின்ன எடுங்க."

கதவை நன்றாகக் கழுவித் துடைத்தாள். இராமசாமி இடுப்பில் கட்டி, பலமுறை துவைத்து மிருதுவாகிப்போன பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, தையல் ஓரத்தையெல்லாம் களைந்து, உள்ளங்கையில் பந்தாகச் சுருட்டி, மெருகுப் பசையில் தொட்டாள். உப்புத்தாளுக்கு அழுத்தக் கூடாது. இதற்கு முதலில் அழுத்த வேண்டும், அப்புறம் பசை கரையக் கரைய கையை இலேசாக்கிக்கொண்டே வர வேண்டும் என்று இராமசாமி தூரத்தில் நின்று, பயந்து பயந்து சொன்னான். அவள் காதில் வாங்கிக்கொண்டாள், முகத்தை மட்டும் திருப்பவில்லை.

தோள்பட்டை நோவெடுத்தது. பசை வெள்ளையாகப் படர்ந்து, சாம்பலாகி, இல்லாமலே போனது. துணியைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் துடைத்தாள். கதவின் நடுவில் கறுப்பாகக் குளம் ஒன்று திறந்தது. அந்தக் குளத்துக்குள் கொட்டகை வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே நின்ற ஈரப்பலா மரம் தெரிந்தது. அதன் பிளந்த இலைகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அவள் மேலும் கீழும் தேய்த்துக் குளத்தை அகலமாக்கிக்கொண்டே போனாள். இராமசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கதவு முழுக்கக் குளமாகத் திறந்த வேளையில், அதற்குள் ஒரு குடை வந்தது. குடைக்குப் பின்னால் ஒரு தொப்பி. சாக்கை ஒரு சாணளவு விலக்கிக்கொண்டு யாரோ எட்டிப் பார்ப்பது கறுப்புக்குள் துல்லியமாகத் தெரிந்தது.

மூக்காயி திரும்பாமலே சொன்னாள்: "மொதலாளி, சட்டைப் பித்தான ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீங்க."

முதலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். உண்மைதான். காலையில் கொழும்பில் ரயிலுக்கு அவசரமாகக் கிளம்பியவர், வழி முழுக்க அப்படியே வந்திருக்கிறார். மெல்ல நடந்து வந்து கதவின் முன்னால் குந்தினார். கதவுக்குள் பார்த்துக்கொண்டே பித்தான்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டினார். தொப்பியையும் நேராக வைத்துக்கொண்டார்.

"ஏன்ட மூக்குல ஈக்கிற மச்சம்கூட விளங்குதே" என்றார். அவர் குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. "புள்ள, நான் பேசினத மனசுல வச்சுக்காத. புவாட் யோசிச்சுச் சொல்றண்டு சொன்னான். அவன் யோசிக்கத் தேவல்ல."

அதன்பின் முதலாளிக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் கொட்டகைக்கு வந்து ஒரு துணியை வைத்துக்கொண்டு ஈ விரட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மட்காட் விளிம்பும் மெருகேறி முடிந்தது. இராமசாமி கோணலாக வைத்த பெயின்ட் எந்த இடத்தில் இருந்தது என்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மாவனல்லை வரை ரோட்டுப் புழுதி. அதற்கும் முதலாளி வழி வைத்திருந்தார். பெண்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போகிற பஸ்ஸில் மூக்காயியையும் வாளியோடு ஏற்றிவிட்டார். மணப்பெண் வீட்டுக்கு முந்தின வளைவில் இறங்கி, மதகருகில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். கார் வந்தது. இராமசாமிக்கு வீக்கம் வற்றி, ஓட்டுமளவுக்குக் கை வந்திருந்தது. மாப்பிள்ளை முஹ்ஸின் பட்டுத் தலைப்பாகையோடு உள்ளே விறைப்பாக உட்கார்ந்திருக்க, ஜமால்தீன் ஹாஜியார், "கெதியா, கெதியா, நிக்காஹ்வுக்கு நேரமாகிற" என்று பதற, மூக்காயி புழுதியைக் கழுவி, ஈரத்தை ஒற்றி, மெல்லிய துணியால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கார் வளைவில் திரும்பிப் பெண் வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது, பந்தலும் வாழைமரமும் காத்துநின்ற சனமும் அதன் பக்கவாட்டில் ஊர்வலமாக ஓடின. "ஆ!" என்று ஒரே குரலாக எழுந்தது.

நிக்காஹ் உள்ளே நடந்துகொண்டிருந்தது. வேலியோரம் நின்ற மூக்காயி, முற்றத்தில் ஒரு பெரிய சிவப்புச் சேவல் நடந்து வருவதைப் பார்த்தாள். பார்த்தாலே தெரியும், அந்த வளவில் அதை எதிர்த்து இதுவரை எவரும் நின்றதில்லை. காரின் கதவருகே வந்து அது நின்றது. உள்ளே இன்னொரு சேவல், அதே திமிரோடு அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து மயிரைச் சிலிர்த்தது. உள்ளே இருந்ததும் சிலிர்த்தது.

"ஐயோ! சேவலப் புடிங்க!"

அதற்குள் சேவல் பாய்ந்துவிட்டது. பக்கென்று ஒரு அடி, கால் முள்ளால் ஒரு கீறு, கீழே விழுந்து மறுபடி ஒரு பாய்ச்சல். இராமசாமி ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், அகப்பையோடு சமையற்காரர் ஒரு பக்கம் துரத்தினார்கள். சேவல் காரைச் சுற்றி ஓடி, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு எதிரியைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனது. கடைசியில் பெண்ணின் தாயார் உள்ளிருந்து வந்து, "அட என்ட மகனே, வா" என்று செல்லமாகக் கூப்பிட, அது சாதுவாக அவர் இடுப்பில் ஏறிக்கொண்டது.

கதவில் வெண்ணிறமாகக் கீறல்கள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். நிக்காஹ் முடிந்து ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கண்டியிலிருந்து வரவழைத்த போட்டோக்காரர் மூன்று கால் பெட்டியை நிறுத்திவிட்டார், மாப்பிள்ளை காரின் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

"நகருங்க எல்லாரும்" என்றாள் மூக்காயி. விரலால் கீறலைத் தடவினாள். நகம் மாட்டவில்லை. மேலோடுதான். முந்தானை முடிச்சில் மெருகுப் பசை கொஞ்சம் எடுத்து வந்திருந்தாள், ஏனென்று அவளுக்கே தெரியாது. துணியில் தொட்டுக் குனிந்தாள். கல்யாணச் சனம் முழுக்க வட்டமாகச் சூழ்ந்துகொண்டது. அவ்வளவு பேர் பார்க்க அவள் எந்த வேலையும் செய்ததில்லை. முதலில் காது சூடேறியது. பிறகு கையும் கீறலும் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு கோடாக மங்கி மறைந்தது. கடைசிக் கோடும் போனபோது, பின்னாலிருந்து சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இது ஆர்ட வேலை?" என்று பெண் வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். "கொழும்புல செஞ்சதா?"

முதலாளி வாயெடுப்பதற்கு முன் இராமசாமி முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "எம் பொஞ்சாதிங்க. மூக்காயி. பெயின்ட் அடிச்சது நான். அது நல்லா இல்லாம இருந்துச்சு. இந்தா பாக்குறீங்களே, இது முழுக்க அவ தேய்ச்சது. நான் தண்ணி ஊத்துனேன்."

மூக்காயி குனிந்த தலை நிமிராமல் துணியை மடித்தாள். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

போட்டோக்காரர்தான் கடைசி வரை சங்கடப்பட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் உடனே வெளியே வந்து, "நானும் பெட்டியும் கதவுக்குள்ள நிக்கிறம். மாப்பிள்ளைட படத்துல எனக்கென்ன வேலை?" என்றார். பெட்டியை இடம் மாற்றினார். அங்கே போனால் பந்தலுக்குள் சாப்பிட உட்கார்ந்தவர்கள் வரிசையாகக் கதவில் விழுந்தார்கள். "விழட்டும்" என்றார் ஹாஜியார் சிரித்துக்கொண்டே. "வந்த எல்லாரும் படத்துல ஈக்கட்டும்."

விருந்துக்கு வந்திருந்த புவாட் சாப்பாட்டை முடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரமாக மூக்காயியிடம் வந்து, தன் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். "தாத்தா, ஏன்ட கார் புதுசுதான். எண்டாலும் துடைச்சுத் துடைச்சுக் கோடு கோடா ஈக்கி. ஒரு நாளைக்குக் கொண்டரட்டா?"

"எதால தொடைக்கிறீங்க தம்பி?"

"சாக்கால."

"அடப் பாவி" என்றாள் மூக்காயி. "வர்ற கெழம கொண்டாங்க. எனக்குத் தோட்டத்துல வேலையில்லாத நாளாப் பாத்து."

மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்கிவிட்டதால், திரும்பும்போது காரில் இடம் இருந்தது. முதலாளி மூக்காயியை முன்னால் உட்காரச் சொன்னார். மடியில் சோற்றுப் பொதியும் இனிப்பு வட்டிலப்பம் கட்டிய வாழையிலையும். கார் கேகாலை ரோட்டில் ஏறும்வரை அவள் கண்ணாடியையும் கதவுப்பிடியையும் இருக்கைத் தோலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வெளியேயிருந்து பார்த்த சாமானுக்குள் உட்கார்ந்து போவது வேடிக்கையாக இருந்தது. வெயில் சாய்ந்த நேரம். ரப்பர் மரங்களின் நிழல் ரோட்டின் குறுக்கே கிடந்தது. காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வளைவு தாண்டுமுன் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"மூக்காயி, இனிமே ஒனக்கு..." என்று பின்னாலிருந்து முதலாளி ஏதோ ஆரம்பித்தார்.

இராமசாமி உதட்டில் விரலை வைத்து, "தூங்குறா மொதலாளி" என்றான். காரின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்துப் பார்த்து, மெதுவாக மலையிறக்கத்தில் விட்டான்.